சனிக்கிழமை கார்

குரு ஜமீலா. கோயம்புத்தூரில் பந்தயக் கார்களைத் தயார்செய்து தரும் பொறியாளர். சீடர் சென்னியப்பன் பல் மருத்துவர். குருவைவிட எட்டு வயது மூத்தவர்.

அந்த வருடம் மொத்தம் ஐந்து பந்தயங்கள். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் தகுதிச் சுற்று. ஒரே ஒரு சுற்றை யார் மிகக் குறைந்த நேரத்தில் ஓட்டுகிறாரோ, மறுநாள் அவர் எல்லோருக்கும் முன்னால் நிற்கலாம். நான்கு சனிக்கிழமையும் சென்னியப்பன்தான் முதல். நான்கு ஞாயிறும் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ முடித்தார்.

மற்ற அணிகளின் மெக்கானிக்குகள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

"சனிக்கிழமை டாக்டர் வர்றாருங்கோ. நாளைக்குக் கிளினிக் லீவு."

ஐந்தாவது சனிக்கிழமையும் அவர் முதலாவதாக வந்தார். சாயந்திரம் ஜமீலாவின் பக்கத்தில் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார்.

"அம்மணி, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அடுத்த வருசம் வேற டீமுக்குக் கூப்பிடறாங்க. நாளைக்குப் பந்தயம் முடிஞ்சதும் பதில் சொல்லணும்."

ஜமீலா கை துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தார்.

"போகணும்னு இருக்கீங்களா?"

"இல்லைங்க. இருந்தாலும் ஒண்ணு கேக்கணும். இன்னைக்குக் கார் நான் நினைக்கறதுக்கு முன்னாடியே திரும்புது. ஞாயித்துக்கிழமை ஆனா எருமை மேல உக்காந்த மாதிரி இருக்குது. ரெண்டும் ஒரே கார்தானுங்களே?"

"ஒரே கார்தான்."

"அப்பறம் ஏன் நாளைக்கு எனக்கு இதையே குடுக்க மாட்டேங்கறீங்க?"

நான்கு வருடமாக அவருக்குச் சொல்லித் தருபவர் ஜமீலா. உடனே ஒரு பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"காலைல குடுக்கறேன்" என்றார். "இதே கார்."

ஞாயிறு காலையில் ஒத்திகைக்காகப் பதினைந்து நிமிடம் தடத்தைத் திறந்துவிடுவார்கள். ஜமீலா ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. முந்தின நாள் மாட்டிய டயர், அதே காற்று. முந்தின நாள் ஊற்றிய அதே அளவு பெட்ரோல்.

முதல் இரண்டு சுற்றுகளில் சென்னியப்பன் பக்கத்தில் யாரும் வர முடியவில்லை. ரேடியோவில் அவருடைய குரல் வந்தது.

"இதுதானுங்க அம்மணி. இதைத்தான் கேட்டேன்."

"ஓட்டுங்க."

நான்காவது சுற்றில் வளைவுகளில் காரின் பின்பக்கம் வழுக்கியது.

"டயர் பிடிக்க மாட்டேங்குது."

"ஆமாங்க."

ஆறாவது சுற்றில் எஞ்சின் இருமியது. தடத்தின் மறுகோடியில் நின்றுவிட்டது.

"பெட்ரோல் இல்லைங்க அம்மணி."

"நேத்தும் அவ்வளவுதான் ஊத்துனேன். மேல கனம் இல்லாமத்தான் அப்படித் திரும்புச்சு."



நான்கு பேர் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சென்னியப்பன் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு லீவுன்னு வண்டிக்கே தெரிஞ்சு போச்சுங்க டாக்டர்" என்றான் தள்ளியவர்களில் ஒருவன்.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் பந்தயம். இருபது சுற்று. தொட்டி நிறையப் பெட்ரோல். டயர் புதிது. காற்றை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தார் ஜமீலா. ஓட ஓடச் சூட்டில் அது தானே ஏறிவிடும். பிறகு குனிந்து சீடரின் பெல்ட்டை இறுக்கினார்.

"இப்ப எப்படி இருக்கும்?"

"எருமை மாதிரித்தான்."

"நான் என்ன பண்ணட்டும்?"

"எருமையைப் போயி யாராவது விரட்டுவாங்களா டாக்டர்?"

முதல் வளைவிலேயே இரண்டு பேர் சென்னியப்பனை முந்தினார்கள். அவர் விட்டுவிட்டார். ஏழாவது சுற்றில் இன்னொருவர் வந்தார். அவரையும் விட்டார். மற்ற அணிக்காரர்கள் திரும்பி ஜமீலாவைப் பார்த்தார்கள். ஜமீலா கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

பெட்ரோல் தீரத் தீரக் கார் லேசானது. பதினைந்தாவது சுற்றில், விரட்டி ஓட்டி முன்னால் போனவர்களின் டயர்கள் வழுக்க ஆரம்பித்தன. சென்னியப்பனின் டயர்களில் இன்னும் பிடிப்பு இருந்தது. மூவரில் இருவரை அவர் முந்தினார். இரண்டாவதாக முடித்தார்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அந்த இன்னொரு அணியின் மேலாளர் வந்துவிட்டார். சென்னியப்பன் அவருக்குக் கை கொடுத்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். மேலாளர் தலையசைத்துவிட்டுப் போனார்.

"அம்மணி, அடுத்த வருசம் சீட்டைக் கொஞ்சம் அகலமாப் போடுங்க. இடுப்பு நோவுது."

"சீட்டு சரியாத்தான் இருக்குது. நீங்க இளைச்சுக்குங்க."

ஜமீலா நேரம் எழுதிய தாளை நீட்டினார். சென்னியப்பன் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். எல்லாம் சனிக்கிழமை நேரத்தைவிட இரண்டு வினாடி அதிகம், சில மூன்று. கடைசி வரிக்கு வந்ததும் அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"ஒரு சுத்துகூட நேத்து மாதிரி ஓட்டலைங்களே."

ஜமீலா தாளை வாங்கி நான்காக மடித்து அவர் பைக்குள் செருகினார்.

"நேத்து ஒண்ணு ஓட்டுனீங்க டாக்டர். இன்னைக்குத்தான் இருபது ஓட்டியிருக்கீங்க."