இரண்டு டம்ளர் டீ

திருத்துறைப்பூண்டியில், கம்ப்யூட்டரை ஓட்டும் இலவச மென்பொருளான லினக்ஸ் என்றால் மெஹர்பானு டீச்சர்தான். வயது முப்பதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை. அவருடைய சீடர் அருளப்பனோ தபால் ஆபீசிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். கற்றுக்கொண்ட சூட்டோடு நூலக மாடியில் தானே ஓர் இலவச வகுப்பும் ஆரம்பித்துவிட்டார்.

ஒரு மாலை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், இந்த லினக்ஸ் புதுசா வர்றவங்களுக்கு ரொம்பக் கஷ்டமோ?"

"ஏன் சார்?"

"வகுப்பு நிறைய ஆள் வந்துச்சு. இப்ப பவளக்கொடி மட்டும்தான் மிச்சம். பால் சொசைட்டியில கம்ப்யூட்டர் வேலை கிடைக்கும்னு ஆசையா வந்த பொண்ணு. அதுவும் நின்னுடும் போல. நாளைக்கு வகுப்பு முடிஞ்சதும் எல்லா மெஷின்லயும் இதை அழிச்சிட்டு, ஊரெல்லாம் வெச்சிருக்கிறதையே போட்டுடலாம்னு இருக்கேன்."



"நாளைக்கு நானும் வரேன் சார்."

மறுநாள் பவளக்கொடியின் கணினியில் தமிழில் அடிக்கும் வசதியைக் காணோம். அவள் "சார்" என்று வாயெடுப்பதற்குள் அருளப்பன் குனிந்து கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்தது. என்னவோ ஓடியது. மூடியது.

"ஆச்சும்மா."

நல்ல மனசுதான், அதில் குறை சொல்ல முடியாது. பவளக்கொடி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் அறையில் உட்கார்ந்திருப்பவள் போல இருந்தாள்.

டீச்சர் எழுந்து கீழே போனார். தளும்பத் தளும்ப இரண்டு டம்ளர் டீயோடு வந்தார்.

"சார், இப்ப போட்ட தமிழ் வசதியை எடுத்துடுங்க."

எடுத்தார்.

"இதைப் பிடிங்க. கைக்கு ஒண்ணு."

"யாருக்கு டீச்சர்?"

"பிடிங்க. கீழ மட்டும் வெச்சிடாதீங்க. இனிமே வாயால சொல்லுங்க."

அருளப்பன் சொல்லச் சொல்ல, பவளக்கொடி ஒற்றை விரலால் அடித்தாள். திரையில் தப்பு என்று வந்தது. அருளப்பனின் தோள் தானாக முன்னால் சாய்ந்தது. டீ சிந்தி விரலைச் சுட்டது. பாவம், நிமிர்ந்துகொண்டார்.

"அப்படி ஒண்ணு இல்லைங்குது சார். ஒரு எழுத்தை விட்டுட்டேன்" என்று அவளே திருத்தினாள்.

கடவுச்சொல் கேட்டது.

"அடிக்கிறேன், திரையில ஒண்ணுமே விழலியே?"

"விழாதும்மா. ஆனா உள்ள வாங்கிக்குது. தைரியமா அடி."

இதை அவர் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததும் இல்லை. எல்லாருக்கும் அவர்தானே அடித்துக்கொடுத்தார்.

திரையில் வரிகள் வரிசை வரிசையாக மேலேறின. நின்றன. பவளக்கொடி தன் பெயரை அடித்தாள். தமிழில் விழுந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவும் யாரு சார் எழுதி வெச்சது?"

"யார் யாரோம்மா. எந்தெந்த தேசமோ. யார் வேணா எடுத்துப் பாக்கலாம், மாத்தலாம்."

"அவங்களுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலேயா எனக்காக எழுதி வெச்சிருக்காங்க?"

அருளப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாளும் இதைச் சொல்லிக்கொடுத்தவர், தான் கையில் வைத்திருந்தது எவ்வளவு பெரியது என்று அன்றுதான் பார்த்தார்.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வரட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டுப் பவளக்கொடி கிளம்பினாள்.

அவள் படியிறங்கும் வரை அருளப்பன் டம்ளர்களோடு அப்படியே நின்றார்.

"டீச்சர், லினக்ஸ் கஷ்டமான்னு கேட்டேனே, நீங்க பதிலே சொல்லலியே."

டீச்சர் டம்ளர்களைப் பார்த்தார்.

"ஆறிப்போச்சா சார்?"

"ஆறிப்போச்சு."

"பரவாயில்ல. நாளைக்கும் ரெண்டு வாங்கிக்குங்க."