கூப்பிடாத குஞ்சு

முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொல்கிறேன், கேளுங்கள்.

ஓர் ஏரியில் முக்குளிப்பான் என்ற சின்னப் பறவை இருந்தது. அதற்கு ஒரே குஞ்சு. முக்குளிப்பான்கள் குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் நீந்தும். குஞ்சு இறங்கும், கொஞ்சம் நீந்தும். பயந்தால் அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும்.

பக்கத்துக் கோரையில் இருந்த, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவை நாமக்கோழி சிரித்தது. "ஏன்டி, அது பிள்ளையா, மூட்டையா? எந்நேரமும் சுமக்கிறே!"

"பயப்படுதுக்கா."

"கூப்பிட்டதும் ஓடினா பயப்படத்தான் செய்யும்! நாலு நாள் காதுல வாங்காதே. தானா தேறிடும்!"

முக்குளிப்பானுக்கு வெட்கமாகப் போயிற்று. குஞ்சைக் கோரைக்குள் விட்டுவிட்டு இரை தேடப் போயிற்று. முதல் நாள் குஞ்சு கத்தித் தீர்த்தது. தாய் பாதி வழியில் நின்றது. ஆனாலும் திரும்பவில்லை. மறுநாள் குரல் இளைத்தது. நாலாம் நாள் சத்தமே இல்லை.

"பார்த்தியா, உன் பிள்ளை தேறிட்டான்!" என்றது நாமக்கோழி.

அன்று மத்தியானம் தாய் மீனோடு வந்தது. குஞ்சுக்கு ஒரு சாண் தள்ளித் தண்ணீர்ப்பாம்பு! குஞ்சு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வாயே திறக்கவில்லை. தாய் மீனைப் போட்டுவிட்டுப் பாய்ந்தது. பாம்பின் தலையில் கொத்தி விரட்டியது.

"பாம்பைப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் கூப்பிடலை?"

"கூப்பிட்டா நீ வரமாட்டியே அம்மா!"

தாய் அசந்துபோயிற்று. புளியங்கொட்டை அளவு தலை. அதற்குள் நாலே நாளில் இவ்வளவு பெரிய பாடமா!

அதிலிருந்து ஒவ்வொரு குரலுக்கும் தாய் போயிற்று. குஞ்சு சட்டென்று நம்பவில்லை. சும்மா சும்மா கூப்பிட்டுப் பார்த்தது. இருபது தடவை கூப்பிட்டால் இருபது தடவையும் அம்மா வந்தது.

"உனக்கு வேற வேலையே இல்லையாடி?" என்றது நாமக்கோழி.

"இதுதான்க்கா வேலை!"

ஒரு நாள் காலை, குஞ்சு தானாகவே முதுகிலிருந்து குதித்தது. முங்கியது. காணோம்! நடு ஏரியில் எழுந்தது. அம்மா இருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. மறுபடி முங்கியது. அக்கரையில் எழுந்தது! அவ்வளவு பெரிய தண்ணீரை அந்தத் துளியூண்டு உயிர் கடந்துவிட்டது. தாய் மலைத்து நின்றது.

கூப்பிட்டால் அம்மா வருவாள் என்று நம்புகிற பிள்ளைதான் பயமில்லாமல் தூரம் போகும். நம்ம பிள்ளைகளும் அப்படித்தான், தொட்டிலில் கிடக்கும்போதே அதுங்க நம்மை...

"அம்மா!"

இதோ வந்துட்டேன் கண்ணு!