கோட்டோரத்துல நிக்கிறவன்

"குருவே, எந்த மாதிரி ஆட்டத்துல பந்து என்கிட்ட வரும்?"

ஜெபின் கதவைக்கூடத் தட்டல. நேரா வீடியோ ரூமுக்குள்ள வந்து இதைத்தான் கேட்டான்.

நிலோஃபர் ஸ்கிரீன்லேர்ந்து கண்ணை எடுக்கல. "குருன்னு கூப்பிட்டா சம்பளம் கூடுமாலே? உக்காரு."

டெக்சாஸ்ல ஒரு சின்ன காலேஜ். அங்க அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு மேட்ச் வீடியோ எடுத்து, வெட்டி, கோச்சுங்களுக்குப் போட்டுக் காட்டுறது அவ வேலை. பாளையங்கோட்டைக்காரி. ஜெபினுக்கும் அவளுக்கும் ஒரே வயசுதான். ஆனா டீம்ல யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவகிட்டதான் வந்து நிப்பாங்க.

ஜெபின் ரிசீவர். கிரவுண்டு கோட்டு ஓரத்துல தனியா நின்னு, ஒவ்வொரு தடவையும் ஆட்டம் தொடங்கினதும் ஓடி, பந்தைப் புடிக்கிறவன்.

புடிக்கிறவன்னு பேரு. பந்து வந்தாத்தானே!

இப்ப வேற ஒரு காலேஜ் அவனைக் கூப்பிடுது. இன்னைக்குச் சாயங்காலம் போன் வரும். வர்றேன், இல்ல வரல. ரெண்டுல ஒண்ணு சொல்லணும்.

"ரெண்டுமே ஆளுங்களை அகலமா பரப்பி நிறுத்தி, பந்தை எறிஞ்சு எறிஞ்சே ஆடுற டீம்தான்," ஜெபின் மூச்சு விடாம சொன்னான். "ஆனா நம்மது ரன் அண்ட் ஷூட். எதிராளி எங்க நிக்கிறான்னு பாத்து, ஓட ஓடவே நான் திரும்பணும். பந்தை எறியிற நம்ம கோல்பியும் அதையே பாத்து, நான் திரும்புறதுக்கு முன்னாடியே எறிஞ்சிருக்கணும்."

"அங்க?"

"அங்க ஏர் ரெய்டு! செம சிம்பிள். ஓடுறதுக்குக் கொஞ்சூண்டு ரூட்டுதான், அதையே திரும்பத் திரும்ப ஓடி மனப்பாடம் பண்ணிருவாங்க. எறியிறவன் வரிசையா பாப்பான், எவன் பக்கத்துல எதிராளி இல்லையோ அவனுக்குப் பந்து. யாரும் யாரு மனசையும் படிக்க வேண்டாம்."

"அப்புறம் என்ன? போ."

"சும்மா போன்னா எப்படி? இதைப் பாரு முதல்ல."

போன்ல ஒரு வீடியோவைப் போட்டு நீட்டினான். ஜெபின் ஓடுறான். எதிராளி பின்தங்குறான். ஜெபின் கையைத் தூக்குறான். பந்து வரல. அடுத்தது. கையைத் தூக்குறான். வரல.

"பாத்தியா? பக்கத்துல ஒரு ஈ காக்கா கிடையாது!"

"இதை யாரு வெட்டினது?"

"நான்தான்."

"எங்க வெட்டின?"

"நான் கை தூக்குற இடத்துல."

நிலோஃபர் அதே ஓட்டங்களைப் பெரிய ஸ்கிரீன்ல போட்டா. ஸ்டேடியத்து உச்சியிலேர்ந்து எடுத்த வீடியோ, மொத்த கிரவுண்டும் தெரியுது. ஜெபின் நிக்கிற மூலையை உள்ளங்கையால மூடினா.

"ஏய், என்னை மறைக்கிற."

"ஆமா."

பந்து கோல்பி கைக்கு வருது. கோல்பி ஜெபின் பக்கமா பாக்குறான். இன்னும் பாக்குறான். எதிர் டீம் தடியனுங்க ரெண்டு பேரு அவன் மேல விழுறாங்க.

அடுத்த ஓட்டம். மறுபடியும் அதே பக்கம் பாக்குறான். விழுறான்.

விசில் அடிச்சாச்சு. அவ நிறுத்தல, வீடியோவை ஓட விட்டா.

கோல்பி மல்லாக்கக் கிடக்கான். யாராவது தூக்கி விடுவாங்கன்னு ஒரு கையை மேல நீட்டுறான். யாரும் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே எழுந்துக்கிறான்.

ஜெபின் ஸ்கிரீன் பக்கமா குனிஞ்சான்.

"என் பக்கமே எதுக்கு அப்படிப் பாத்துக்கிட்டு நிக்கிறான்? எறிய வேண்டியதுதானே?"

"அதை ஏன் என்கிட்ட கேக்குற?"

"நீதானே குரு!"

நிலோஃபர் ஸ்கிரீனை அணைச்சா. "கோல்பி இப்ப கிரவுண்டுலதான் இருப்பான். எனக்கு வேலை கெடக்கு. கிளம்பு."

கிரவுண்டு காலியா கெடந்துச்சு. காத்து மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கோல்பி ஒரு வலைக்குள்ள பந்தை எறிவான், நடந்து போய் அவனே எடுப்பான், திரும்ப வந்து எறிவான்.

ஜெபின் பழக்கத்துல கோட்டு ஓரத்துலயே போய் நின்னுட்டான். கத்தினாத்தான் கேக்கும், அவ்வளவு தூரம்.

"என்ன, போறியாமே?" கோல்பி கத்தினான்.

"யாரு சொன்னா?"

"எல்லாரும். உன்னைத் தவிர!"

ஜெபின் யாருகிட்டயும் எதையும் சொல்றவன் இல்ல. ஊரே மெஸ்ல கூடிச் சாப்பிடும்போது காதுல ஹெட்போனோட தனியா உக்காந்து சாப்பிடுறவன் அவன்.

கோல்பி பந்தைக் கையிலேயே உருட்டிக்கிட்டு நின்னான். "போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டா? மண்டையைக் குடையுது."

"கேளு."

"போன மேட்ச்ல அந்தக் கடைசி ஓட்டம். நீ உள்ள திரும்புவன்னு நினைச்சேன். வெளிய போயிட்ட. அங்க என்னத்தப் பாத்த?"

இந்த சீசன் முழுக்க யாரும் ஜெபின்கிட்ட அதைக் கேட்டதில்ல. ஏன் போனன்னு கேட்டிருக்காங்க. என்னத்தப் பாத்தன்னு கேட்டதில்ல.

பாக்கெட்ல போன் அதிருது. அந்தக் காலேஜ்தான்.

ஜெபின் எடுத்துப் பாத்தான். கட் பண்ணான். கோட்டு ஓரத்தை விட்டு உள்ள நடந்தான், கத்தத் தேவையில்லாத தூரம் வரைக்கும்.

"நீ முதல்ல சொல்லு. நீ என்னத்தப் பாத்த?"