யாரால் வந்த விரிசல்?

பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்கு மெஷின் இடித்த இடியில், தெய்வானையின் வாடகை வீட்டுச் சுவர் பிளந்துவிட்டது. வீட்டுக்காரர் வையாபுரியோ, "உன் மாவு கிரைண்டர் ஓடித்தான் சுவர் போச்சு. நீதான் பூசித் தரணும்" என்று அதட்டினார்.

மறுநாள் அந்த மனையில் கட்டும் கட்டடக் கம்பெனி இன்ஜினியர் சுவரைப் பார்க்க வந்தார். "எல்லாம் உங்க மெஷினால வந்தது!" என்று வையாபுரி எகிறினார்.

தெய்வானை குறுக்கிட்டாள். "இல்லீங்க சார், என் கிரைண்டரால வந்ததுன்னு ஐயா நேத்துதான் சொன்னாருங்க. அவர் பொய் சொல்வாருங்களா?"

இன்ஜினியர் திரும்பி நடந்தார். வையாபுரி பதறிப்போய், "கிரைண்டருக்கு எங்கயாவது சுவர் விரியுமா சார்? நேத்து நான் சொன்னது பொய்!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

கம்பெனியே சுவரைப் பூசிக் கொடுத்தது. பூச்சு காய்வதற்குள் வையாபுரி வந்து நின்றார்.

"வீடு புதுசாயிடுச்சு. கூடுதல் வாடகைக்கு ஆள் வருது. காலி பண்ணிடு."