கொட்டைக்குள் இருந்த வண்டு

முன்னொரு காலத்தில் வேங்கைமலை நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மாம்பழம் என்றால் அவனுக்கு உயிர். கோபம் வந்துவிட்டாலோ, அடுத்தவன் உயிர் ஒரு பொருட்டே இல்லை.

ஒரு கோடையில் அரண்மனைத் தோட்டத்துப் பழத்தை அவன் சப்பிக்கொண்டிருந்தபோது, கொட்டையிலிருந்து ஒரு கருவண்டு வெளிவந்து உதட்டில் ஊர்ந்தது. பழத்தோலிலோ ஓர் ஓட்டைகூட இல்லை.

"இது எப்படி உள்ளே போனது?" என்று கத்தினான் ராஜா.

படைத்தலைவனான தளவாய் உடையணனுக்கு மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண். தோட்டக்காரன் மருதப்பனை வேலைக்கு வைத்தவர் மந்திரி அறவாழி. "சூனியம், மகாராஜா! தோட்டக்காரன் செய்தது. செய்யச் சொன்னவர் யாரோ!" என்றான் தளவாய்.

மந்திரி எல்லைப்புறம் போயிருந்தார். "வண்டு தானா வந்தது சாமி, நான் ஒண்ணும் செய்யலை" என்று மருதப்பன் கதறினான். யாரும் காதில் வாங்கவில்லை. அன்றே கழுவேற்றிவிட்டார்கள்.

மந்திரி செய்தி கேட்டுத் திரும்பியபோது மருதப்பனின் மனைவி செங்காணியும் கைகட்டப்பட்டுச் சபையில் நின்றாள். சூனியத்துக்கு உடந்தையாம்; அவளுக்கும் கழுதான் என்று பேச்சு.

"என் தோட்டத்துப் பழத்தையும் பாருங்கள்" என்று தளவாய் ஒரு கூடையை ராஜா முன்னால் வைத்தான். "சூனியக்காரன் கை படாத பழம்!"

மந்திரி கும்பிட்டார். "மகாராஜா, தீர்ப்பு நியாயமானதுதான். அதையே சட்டமாக்கிவிடுங்கள். யார் தோட்டத்துக் கொட்டையில் வண்டு இருந்தாலும் அவருக்குக் கழு. தளவாய் என்ன சொல்கிறார்?"

"தாராளமாக!" என்றான் தளவாய்.

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

மந்திரி அந்தக் கூடையிலிருந்தே பழங்களை எடுத்துக் கொட்டையோடு பிளந்தார். முதலில் ஒன்றுமில்லை. தளவாய் சிரித்தான். அடுத்த கொட்டைக்குள்ளிருந்து ஒரு கருவண்டு வந்தது.

தளவாய் தடாலென்று விழுந்தான். "மகாராஜா! அது தானாக வந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை!"

"மருதப்பனும் அதைத்தானே சொன்னான்?" என்றார் மந்திரி.

ராஜாவின் கை வாளுக்குப் போனது. மந்திரி குறுக்கே நின்றார்.

"வேண்டாம். இவரும் வண்டை வைக்கவில்லை. பிஞ்சிலேயே தோலில் வண்டு முட்டை வைத்துவிடும். புழு கொட்டைக்குள் போய்விடும். காயம் ஆறிப் பழம் பளபளவென்று வளரும். உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி எரித்தால் வண்டு குறையும். தோட்டக்காரனைக் கொன்றால் குறையாது."

"இவன் பட்டத்தைப் பறியுங்கள்! இனி என் தோட்டத்தில் அழுகல் பொறுக்கட்டும்" என்றான் ராஜா. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான். மந்திரி கை நீட்டவில்லை.

ராஜா செங்காணியைப் பார்த்தான். குரல் இறங்கியிருந்தது. "அம்மா, என்ன வேண்டுமோ கேள். நிலமா, பொன்னா?"

கட்டவிழ்த்த கைகளைத் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"அவரு இன்னும் கழுவுலதான் இருக்காரு, ராசா. இறக்கிக் குடுங்க. காக்கா வருது."