சேற்றில் பதிந்த கால்தடம்

மூங்கில்கள் உரசிப் பிடித்த தீயில் காடு பாதி கருகிப் போனது. மேட்டு வளையில் வாழ்ந்த முள்ளம்பன்றி ஒன்று தன் இரண்டு குட்டிகளோடு உயிர் தப்பியது. வளை பிழைத்தது, தின்னத்தான் ஒன்றுமில்லை.

யானைகள் அக்கரைக் காட்டிலிருந்து கிழங்கும் பலாப்பழமும் சுமந்து வந்து ஏரிக்கரையில் குவித்தன. "பசித்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்!" என்று பிளிறின.

அதைக் கேட்டு நரிக்கு வயிறு எரிந்தது. பௌர்ணமியன்று காட்டுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூத்த யானையை எதிர்த்து நின்றது நரிதான்.

அது வளை வளையாகப் போய்ச் சொன்னது: "மூங்கில் உரசித் தீப்பிடிச்சதுன்னா நம்புறீங்க? மூட்டினதே யானைங்கதான்! இந்த மேடு அதுங்களுக்கு வேணும். ஏரிக்கரைச் சேத்துல உங்க கால்தடம் பதிஞ்சா போச்சு, வளையை எழுதிக் கொடுத்த மாதிரிதான்! கிழங்கு உங்களுக்கு, வளை அதுங்களுக்கு!"

யானை எதைக் கொண்டு தீ மூட்டும் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! முள்ளம்பன்றியும் கேட்கவில்லை. அதன் தாய் தோண்டி வைத்த வளை அது.

மறுநாள் ஆள்காட்டிக் குருவி பறந்து வந்தது. "அக்கா, அத்தனையும் பொய்! பொறந்ததுலேருந்து அந்தச் சேத்துலதான் நடக்கிறேன். என்கிட்ட யார் எதைப் பிடுங்கினாங்க?"

"வெறுந்தரையில முட்டை போடுற உன்கிட்ட பிடுங்க என்னடி இருக்கு? யானைகிட்ட எத்தனை கிழங்கு வாங்கின, இப்படிப் பேச?" என்று முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது. குருவி போய்விட்டது.

நான்காம் நாள் சின்னக் குட்டி கண் திறக்கவில்லை. முள்ளம்பன்றி அதை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. பிறகு, வளை போனால் போகட்டும் என்று ஏரிக்கரைக்கு ஓடியது.

அங்கே யானைத் தடங்களுக்கும் குருவித் தடங்களுக்கும் நடுவே, போனதும் வந்ததுமாக நரியின் கால்தடம்!

"நரியா? தினமும் வருதே! மேட்டுல இருக்கிறவங்களுக்குக் கொடுக்கிறேன்னு பலாப்பழமா பார்த்துத் தூக்கிட்டுப் போகுது. உங்களுக்கு வரலையா?" என்று கேட்டது மூத்த யானை.

முள்ளம்பன்றி நரியின் தடத்தை இன்னொரு முறை பார்த்தது. ஒரு கிழங்கைக் கவ்விக்கொண்டு திரும்பியது. பெரிய குட்டி அதைத் தின்று பிழைத்தது. வளையைப் பிடுங்க யாரும் வரவில்லை.

அன்றே அது வளை வளையாகப் போய் நடந்ததைச் சொன்னது. "நரியோட தடத்தை வந்து பாருங்க!" என்று கெஞ்சியது.

உடும்பு தலையை மட்டும் வெளியே நீட்டியது. "யானைகிட்ட எத்தனை கிழங்கு வாங்கின, இப்படிப் பேச?"

தான் குருவியிடம் கேட்ட அதே கேள்வி! முள்ளம்பன்றி அழுதுவிட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான். அதை வாங்கப் போறதுக்குள்ள ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துட்டேன்."

உடும்பு உள்ளே போய் வளையை மண்ணால் அடைத்துக்கொண்டது. பௌர்ணமியன்று நரி தலைவரானது. ஏரிக்கரைக்கு யாரும் போகக் கூடாது என்பதே அதன் முதல் உத்தரவு.

நம்மைப் பட்டினி போட்டு ஆதாயம் தேடுகிறவன் சொல்வதை, நேரில் போய்ப் பார்க்காமல் நம்பக் கூடாது.