வரைந்து வைத்த தூண்

மாதங்கிக்குத் தோற்றுப் பழக்கம் இல்லை. கல்லூரிப் பட்டிமன்றத்தில் எந்த அணியில் உட்காரவைத்தாலும் அந்த அணியை ஜெயிக்கவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

கோவை பீளமேட்டில், குளிர்நாட்டு மரவீடுகளுக்கு வரைபடம் போட்டு அனுப்பும் ஓர் அலுவலகம். அங்கே தில்ஷாத்திடம் தொழில் கற்க வந்திருந்தாள். தில்ஷாத்துக்கு அவளைவிட இரண்டு வயதுதான் கூட.

மாதங்கியின் முதல் வீடு முடிந்திருந்தது. சுவருக்குள் எந்த மரச்சட்டம் எங்கே நிற்கிறது என்று நேராகக் காட்டும் எலிவேஷன் படங்கள் சாயங்காலம் போயாக வேண்டும். தில்ஷாத் கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுத்த வீடு மாதங்கியின் தனிப்பொறுப்பு.

தில்ஷாத் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, கூடத்துச் சுவரின் படத்தில் நின்றாள்.

"இந்தத் தூண் யார் வச்சது?"

"நான்தான். கூரை விட்டம் வந்து உக்கார்ற இடம். பனிக்காலப் பாரமெல்லாம் அது மேலதான் இறங்கும். உங்க சாஃப்ட்வேர் எல்லாச் சட்டத்தையும் தானா நிறுத்துது, முக்கியமானதை மறந்துடுது. நானே கோடு போட்டு வரைஞ்சுட்டேன்."

"படத்து மேலயா?"

"படத்து மேலதான். அளந்து பாருங்க."

தில்ஷாத் அளந்தாள். பிசகவில்லை.

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள்.

மாதங்கிக்குச் சுர்ரென்றது. "தப்பு எங்கேன்னு காட்டுங்கக்கா. காட்டிட்டு மாட்டேன்னு சொல்லுங்க."

"படத்துல தப்பே இல்ல."

"அப்புறம்? சீனியர்னா காரணம் சொல்ல வேண்டாமா?"

தில்ஷாத் மவுஸை அவள் பக்கம் தள்ளினாள். "பிளான்ல அந்த விட்டத்தை ஒரு சாண் நகர்த்து."

"யாரும் நகர்த்தச் சொல்லலையே."

"நான் சொல்றேன்."

நகர்த்தினாள். எலிவேஷனிலும் விட்டத்தின் முனை ஒரு சாண் நகர்ந்தது. தூண் மட்டும் அங்கேயே நின்றது, பஸ் போன பிறகும் ஸ்டாப்பில் நிற்கிற ஆள் மாதிரி.

பக்கத்து மேசை ஜெபராஜ் எட்டிப் பார்த்தான். "என்ன, தூணுக்கும் விட்டத்துக்கும் சண்டையா?"

"நீங்க உங்க மாடிப்படியைப் பாருங்க" என்றாள் மாதங்கி. தில்ஷாத் பக்கம் திரும்பினாள். "விட்டம் நகர்ந்தா நானும் கோட்டை நகர்த்துவேன். அதுல என்ன வந்துச்சு?"

"நகர்த்து. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. சாஃப்ட்வேர் ஏன் தூண் வைக்கல?"

"அதோட அறிவு அவ்வளவுதான்."

"மத்த விட்டத்துக்கெல்லாம் வச்சிருக்கே."

மாதங்கி திரைப் பக்கம் திரும்பினாள்.

விட்டத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். வீட்டைத் திருப்பித் திருப்பி மேலிருந்து பார்த்தாள், கீழிருந்து பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். விட்டத்தின் முனையைத் திரை முழுக்கப் பெருக்கியபோதுதான் தெரிந்தது. விட்டம் சுவரைத் தொடவே இல்லை. ஒரு விரல் இடைவெளி; சுவரை நேராகக் காட்டும் எலிவேஷனில் அது தெரியாது. அந்த விட்டத்தைப் போட்டதும் அவளேதான். தொடாத விட்டத்துக்குத் தூண் எதற்கு என்று மென்பொருள் சும்மா இருந்திருக்கிறது. இப்படியே போயிருந்தால், அந்தக் குளிர்நாட்டில் மரத்தையும் ஒரு விரல் குறைவாகத்தான் அறுத்திருப்பார்கள்.

தன் கோடுகளை அழித்தாள். விட்டத்தை நீட்டிச் சுவர்மேல் உட்காரவைத்தாள். சுவரை மறுபடி கட்டும்படி மென்பொருளுக்குச் சொன்னாள். தூண் தானாக வந்து நின்றது. அவள் வரைந்த அதே இடத்தில், அதே அகலத்தில்.

அதுதான் அவளை மறுபடி கிளப்பிவிட்டது. சேமித்து வைத்திருந்த பழைய படத்தையும் புதுப் படத்தையும் அச்செடுத்து தில்ஷாத் முன்னால் போட்டாள்.

"ரெண்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் காட்டுங்க பார்ப்போம்."

"இல்ல."

"அங்க வாங்கிப் பார்க்கிறவங்களுக்கு எது எதுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"நாமளோ பனியைக் கண்ணால கூடப் பார்த்ததில்ல. அந்த ஊர்க்காரங்களுக்கே தெரியாதுன்னா, அப்ப யாருக்குத்தான்க்கா தெரியும்?"

தில்ஷாத் புதுப் படத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடினாள்.

"பனிக்கு."